டாக்டரம்மா சொன்ன கொஞ்சம்

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் மாஸ்டர். மீதிப் பாதி, அவர் வாய்க்குப் பயந்து நடந்தே காலத்தை ஓட்டியவர்கள். "கிளட்ச் என்ன உன் காலுக்குத் தைச்ச செருப்பா? எடுய்யா காலை!" என்று அவர் ஒரு சத்தம் போட்டால், பக்கத்துச் சாலையில் போகிறவன்கூட எதற்கும் இருக்கட்டும் என்று காலை எடுத்துவிடுவான். அப்படிப்பட்ட குரல்.

அந்தக் குரலுக்கு ஒரு நாள் காலையில் சோதனை வந்தது. டிரைவிங் ஸ்கூல் வகுப்பறையில், கரும்பலகையில் அபாயகரமான வளைவுக்கான குறியை வரைந்துகொண்டிருந்தார். சாக்பீஸ் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார். கை சாக்பீஸ் பக்கத்தில் போனது, ஆனால் எடுக்க மாட்டேன் என்றது. "ஏறு! ஏறு கைக்கு!" என்று சாக்பீஸை அதட்டினார். புதிதாகச் சேர்ந்திருந்தவர்கள், இதுவும் பாடம்தான் போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய தம்பி, ஸ்கூலில் எல்லோரும் சின்ன மாஸ்டர் என்று கூப்பிடுகிறவர், தற்செயலாக உள்ளே வந்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். அப்படியே அள்ளி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

பக்கவாதம். மூளைக்குப் போகிற ஒரு சின்ன ரத்தக்குழாயில் அடைப்பு. சில மாதங்கள் பந்தை அமுக்கி, விரலை மடக்கி, சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டி, மாஸ்டர் ஒருவழியாகப் பழைய மாஸ்டர் ஆனார். கை வந்தது. கால் வந்தது. வாய் எங்கும் போயிருக்கவேயில்லை.

எல்லாம் நல்லபடியாக ஆன பிறகு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனார்கள். டாக்டரம்மா வயதில் சின்னவர், பேச்சில் பெரியவர், பூசி மெழுகத் தெரியாதவர். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று என்று விளக்கிச் சொன்னார். மாஸ்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப இனிமே வராதுல்ல?"

"வர்ற வாய்ப்பு ரொம்பக் குறையும்."

"குறையும்னா? போயிடாதா?"

"முழுசாப் போகாது. கொஞ்சம் இருக்கும்."

"மாத்திரை எல்லாம் ஒழுங்காப் போட்டா?"

"போட்டாலும்."

"உப்பை விட்டுட்டா?"

"குறைங்க, நல்லது. குறைச்சாலும் கொஞ்சம் இருக்கும்."

"சிகரெட்டு?"

"அதை விட்டே ஆகணும்."

"விட்டா?"

டாக்டரம்மா வருத்தமாகச் சிரித்தார். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார், பிறகு மறுபடி டாக்டரம்மாவைப் பார்த்தார். "ஏம்மா, இவ்வளவு தூரம் பண்ணீங்க. அந்தக் கொஞ்சத்தையும் சேர்த்து முடிச்சு விட்டுடுங்களேன். ஊசி எவ்வளவு பெரிசா இருந்தாலும் பரவாயில்ல."

"அப்படி ஒரு ஊசி இருந்தா நானே முதல்ல போட்டுக்குவேன் சார்."

அந்தக் கொஞ்சம் அன்றைக்கு அவர்களோடு வண்டி ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது.

மாஸ்டரின் மனைவியை ஸ்கூலில் எல்லோரும் மாஸ்டரம்மா என்பார்கள். குடிநீர் வாரியத்தில் புகார் தொலைபேசி எடுப்பது அவருக்கு வேலை. தண்ணீர் வரவில்லை என்று கத்துகிறவர்கள், வந்த தண்ணீர் நாறுகிறது என்று அழுகிறவர்கள், குழாய் உடைந்து தெருவே குளமாகிவிட்டது என்று ஏதோ மாஸ்டரம்மாவே போய் உடைத்ததுபோலத் திட்டுகிறவர்கள், எல்லோருக்கும் ஒரே குரலில் பதில் சொல்லிப் பழகியவர். இடி விழுந்தாலும் அந்தக் குரல் ஏறாது, இறங்காது. வீட்டுக்கு வந்தும் குரலைக் கழற்றி வைக்க மறந்துவிடுவார்.

"இந்தா, இடது கண்ணு துடிக்குது," என்பார் மாஸ்டர்.

"சரிங்க. கவனிக்கிறோம்."

"கவனிக்கிறோமா? வீட்டுல எத்தனை பேரு இருக்கோம்?"

மாஸ்டர் சும்மா இருக்கவில்லை. சிகரெட்டை விட்டார். அதோடு சிகரெட் பிடிக்கிற நண்பர்களையும் விட்டார். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், அவர் உப்பு டப்பாவையே அண்டை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டார். மாஸ்டரம்மா போய்த் திரும்ப வாங்கி வந்து, அரிசிக்குப் பின்னால் ஒளித்து வைத்துத் தனக்கு மட்டும் போட்டுக்கொண்டார். பிரஷர் பார்க்கும் கருவி ஒன்று வீட்டுக்கு வந்தது. எழுந்ததும் பார்ப்பார், குளித்ததும் பார்ப்பார், சாப்பிட்டதும் பார்ப்பார். கூடுதலாகக் காட்டினால் பயந்துபோய் உடனே மறுபடி பார்ப்பார். பயத்தில் இன்னும் ஏறியிருக்கும். கடைசியில் டாக்டரம்மாவே, "அந்த மிஷினைக் கொஞ்ச நாள் ஒளிச்சு வைங்க," என்று மாஸ்டரம்மாவிடம் தனியாகச் சொன்னார். அதுவும் அரிசிக்குப் பின்னால் போயிற்று.

மிஷின் போனபின் கண்ணாடி வந்தது. பக்கவாதம் வந்தால் சிரிப்பு ஒருபக்கமாக இழுக்கும், ஒரு கை தாழும், பேச்சு குழறும் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்ததை மாஸ்டர் மனப்பாடம் செய்துவைத்திருந்தார். கண்ணாடி எங்கே கண்ணில் பட்டாலும் பல் தெரியச் சிரிப்பார், இரண்டு கையையும் தூக்குவார், "சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்த வேண்டும்" என்று தெளிவாக ஒரு தடவை சொல்வார். துணிக்கடைக் கண்ணாடி முன்னால் செய்தார், விற்பனைப் பெண் மேலாளரைக் கூப்பிட்டாள். முடிதிருத்தும் கடையில் செய்தார், கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே, எதுக்குக் கையத் தூக்குறீங்க?" என்றார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பல் டாக்டரிடம் போனதுதான் பெரிய கூத்து. கடைவாய்ப் பல்லைப் பிடுங்க மரத்துப்போகும் ஊசி போட்டு, சிறிது நேரம் வெளியே உட்காருங்கள் என்றார்கள். எதிர்ச் சுவரில் கண்ணாடி. மாஸ்டர் பழக்கதோஷத்தில் சிரித்தார். பாதி வாய் சிரித்தது, பாதி வாய் எனக்கென்ன என்று தொங்கியது. "வந்துடுச்சு!" என்று அவர் போட்ட சத்தத்தில், வரிசையில் காத்திருந்த இரண்டு பேர் பல்வலியே நின்றுபோய் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். பல் டாக்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே ஓடிவந்து, ஊசியைக் காட்டி, வாயைக் காட்டி, மறுபடி ஊசியைக் காட்டிப் புரியவைக்கப் பார்த்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்த பிறகுதான் மாஸ்டருக்குப் புரிந்தது.

அன்று மாலை மாஸ்டர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மாஸ்டரம்மா டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"எல்லாரும் சிரிக்கிறாங்கல்ல?" என்றார் மாஸ்டர்.

"ஆமா."

"நீயும்?"

"நான் ஆபீஸ் பாத்ரூம்ல போய்ச் சிரிச்சேன்."

மாஸ்டர் டீயைக் குடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கு வந்தா வரட்டும். வண்டி ஓட்டும்போது வந்தா? பின்னால நீ உக்காந்திருப்பே. குறுக்க ஸ்கூல் பிள்ளைங்க போகும். அதை நினைச்சாத்தான்..."

மாஸ்டரம்மா காலி டம்ளரை வாங்கி முந்தானையால் துடைத்தார். புகார் எடுக்கிற குரல் அந்த நேரத்துக்கு எங்கோ போய்விட்டது.

டாக்டரம்மா ஓட்டலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார். ஆனாலும் மாஸ்டர் அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மாணவர்களைத் தம்பியிடம் விட்டார். வகுப்பறையில் விதிமுறைகளை மட்டும் நடத்தினார். அத்தோடு, வீட்டில் ஒருவருக்காவது வண்டி ஓட்டத் தெரிந்தாக வேண்டும் என்று முடிவு கட்டினார். வீட்டில் இருந்த இன்னொருவர் மாஸ்டரம்மாதான்.

"நானா?" என்றார் அவர். "உங்ககிட்டயா? சின்ன மாஸ்டர்கிட்டக் கத்துக்கிறேன்."

"அவன் கத்தவே மாட்டான். கத்தாம எப்படிக் கத்துக்குவே?"

பழகுநர் உரிமம் வந்தது. ஸ்கூலின் பழைய பயிற்சிக் கார், நெற்றியில் எல் போர்டோடு, வாசலில் வந்து நின்றது. கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும் கார் அது. ஓட்டுகிறவர் கண் மண் தெரியாமல் போனால் பக்கத்தில் இருப்பவர் மிதித்து நிறுத்தலாம். முதல் வாரம் முழுக்க அந்தக் காரை ஓட்டியது மாஸ்டரம்மா, நிறுத்தியது மாஸ்டர்.

"கண்ணாடியப் பாரு! பின்னாடி என்ன வருது?"

"பஸ் வருது."

"அதைப் பார்த்துட்டு என்ன பண்ணணும்?"

"அவங்க அவசரமாப் போறாங்க போல, வழி விடணும்."

"நடு ரோட்டுல நின்னா வழி விடுறது? தாயே, இது உன் ஆபீஸ் இல்ல. இங்க யாரையும் லைன்ல காத்திருக்கச் சொல்ல முடியாது!"

இப்படியே திட்டும் ஓட்டமுமாக நாட்கள் போயின. மாஸ்டரம்மாவுக்கு நேராக ஓட்ட வந்துவிட்டது. திருப்பவும் வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு முன்னால் இருக்கும் ரவுண்டானா. ஐந்து சாலைகள் ஒன்றாகக் கூடுகிற இடம். அதன் பக்கம் போனாலே வண்டி தானாக ஓரம்கட்டி நின்றுவிடும். "இன்னொரு நாள் போலாங்க," என்பார். திரும்பி வருவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை உணவும் மாத்திரைகளும் முடிந்து, கண்ணாடி முன் சிரிப்பு, கை, சிவப்பு விளக்கு எல்லாம் சரியாக நடந்து முடிந்த பிறகுதான் கிளம்பினார்கள். போக்குவரத்து குறைவு. மாஸ்டரம்மா நன்றாகவே ஓட்டினார். கடைத்தெரு தாண்டினதும் மாஸ்டர், "மூணாவது கியர் போடு," என்றார்.

மாஸ்டரம்மா திரும்பிப் பார்த்தார். "என்னது?"

"மூணாவது கியர்," என்றார் மாஸ்டர் எரிச்சலோடு. இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுகூடக் காதில் விழவில்லையா? ஆனால் ஏதோ ஒன்று நெருடியது. தன் குரல் தன் காதுக்கு வந்தபோது, அதில் கியர் இல்லை. "மூணாவது தலகாணி" என்று கேட்டதுபோல இருந்தது.

சே, வாய் தவறிவிட்டது என்று நினைத்தார். இரண்டு தடவை வாய் தவறினால் ஆசிரியருக்கு மரியாதை இருக்காது. பேசாமல் வருவோம் என்று பேசாமல் இருந்தார்.

தனக்குத்தான் சரியாகக் காதில் விழவில்லை என்று மாஸ்டரம்மா ஓட்டிக்கொண்டே போனார். ஒரு வளைவு வந்தது, திட்டு வரவில்லை. ஒரு சைக்கிளைத் தாண்டினார், திட்டு வரவில்லை. சந்திலிருந்து திரும்பும்போது இன்டிகேட்டர் போட மறந்தார், அதற்கும் திட்டு வரவில்லை. அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பூத்தது. இன்றைக்குத்தான் ஐயாவுக்கு என் ஓட்டம் பிடித்திருக்கிறது! பெருமை தாங்காமல் பக்கவாட்டில் பார்த்தார்.

மாஸ்டரின் வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

அதே நேரத்தில் கார் குலுங்கி நின்றது. மாஸ்டரின் வலது கால், கனமான மூட்டைபோல, தன் பக்கத்து பிரேக்கின் மேல் போய்க் கிடந்தது.

"ஏங்க. சிரிங்க."

மாஸ்டருக்குக் கோபம் வந்தது. நடு ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரிக்கச் சொல்கிறாள். எனக்கு ஒன்றுமில்லை என்றார். எத்தனை தடவை சும்மா பயந்தாகிவிட்டது, ஊரே சிரித்தாகிவிட்டது, இதுவும் அப்படித்தான், காலையில்தானே பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்ததே என்று விளக்கமாகச் சொன்னார். அவர் வாயிலிருந்து வந்தது, "ஒண்ணு... துணி... துணி காயல," என்பதுதான்.

"சிவப்பு விளக்கு சொல்லுங்க."

"சிவப்பு விளக்கு..." மாஸ்டர் நிறுத்தினார். அடுத்தது என்ன? ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்தது. சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்வார்கள்? அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் அவருக்குப் பயம் வந்தது. ஒரு வருஷமாகப் பயந்த பயமெல்லாம் பொய், இதுதான் பயம் என்பதுபோல இருந்தது.

மாஸ்டரம்மா போனை எடுத்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவைக் கூப்பிட்டார். அவருடைய ஆபீஸ் குரல் அன்றைக்குத்தான் உண்மையான வேலைக்கு வந்தது. "அவசரம். ஆணுக்குப் பக்கவாதம். போன வருஷம் ஒரு தடவை வந்தது. பத்து நிமிஷத்துக்கு முன்னால நல்லா இருந்தார், பேசினார். இப்ப வலது பக்கம் வாய், கால், பேச்சு. நாங்க ரவுண்டானாவுக்கு இந்தப் பக்கம், பெட்ரோல் பங்க் எதிர்ல, காருக்குள்ள இருக்கோம்."

எதிர்முனையில் இருந்த பெண், "ஆஸ்பத்திரி உங்க கண்ணுக்குத் தெரியுதாம்மா?" என்றாள்.

"தெரியுது. ரவுண்டானாவுக்கு அந்தப் பக்கம்."

"ஆம்புலன்ஸ் வெளிய போயிருக்கு. அதுக்காகக் காத்திருக்க வேண்டாம். நேரா அவசரப் பிரிவு வாசலுக்கு வந்துடுங்க. வாசல்ல ஆள் நிக்கும், நான் சொல்லிடறேன். குடிக்க ஒண்ணும் கொடுக்காதீங்க."

மாஸ்டரம்மா முதல் கியர் போட்டார். கார் ஒரு முழம் போய் நின்றது.

"காலை எடுங்க!"

மாஸ்டர் காலை எடுத்தார். எடுத்ததாகத்தான் அவர் நினைத்தார். கால் அங்கேயே இருந்தது. பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். மறுபடி கார் நகர்ந்து, மறுபடி குலுங்கி நின்றது.

"யோவ், காலை எடுய்யா!" என்றார் மாஸ்டரம்மா. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. பக்கத்து வண்டிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுத்தான். மாஸ்டரம்மா பெல்ட்டைக் கழற்றி, குனிந்து, அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கி, பலாப்பழத்தை நகர்த்துவதுபோலக் கதவோரம் வைத்தார். மறுபடி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். மாஸ்டருக்கு அந்த நிலையிலும் அது மனதில் பட்டது: பெல்ட் போட மறக்கவில்லை.

ரவுண்டானா வந்தது. வலப்பக்கம் லாரி, முன்னால் பஸ், குறுக்கே நாலைந்து பைக்குகள். மாஸ்டரம்மா எல்லா விளக்கையும் போட்டார். போதாதென்று வைப்பரும் ஓடியது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க! உள்ள நோயாளி!" என்றார். என்ன ஆச்சரியம், நின்றார்கள். எல் போர்டைப் பார்த்துப் பயந்து நின்றார்களோ, குரலைக் கேட்டு நின்றார்களோ தெரியாது. வெயிலில் வைப்பர் அடித்துக்கொண்டு, இரண்டாவது கியரிலேயே உறுமிக்கொண்டு, பழைய கார் ரவுண்டானாவைச் சுற்றியது. மாஸ்டர், மூணாவது போடு என்று சொல்ல நினைத்தார். எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார்.

அவசரப் பிரிவு வாசலில் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு நின்றிருந்தார்கள். உடனே மூளையை ஸ்கேன் எடுத்தார்கள், உடனே மருந்து ஏற்றினார்கள். மாலைக்குள் மாஸ்டரின் கால் அசைந்தது. மறுநாள் பேச்சு வந்தது. வந்த பேச்சு முதலில் டாக்டரம்மா மேல்தான் பாய்ந்தது.

"ஒரு மாத்திரை... விட்டேனா? ஒரு சிகரெட்டு? உப்பு... கண்ணால பார்த்து வருஷமாச்சு. அப்புறம் எப்படி வரலாம்?"

டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "நீங்க எல்லாமே சரியாத்தான் செஞ்சீங்க சார். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. அப்படியும் சில பேருக்கு வருது. ஏன்னு இன்னும் தேடிப் பார்க்கிறோம். இதயத் துடிப்பைக் கொஞ்ச நாள் தொடர்ந்து பதிவு பண்ணிப் பார்க்கணும், ஒரு மருந்தை மாத்தப் போறேன்."

"அப்ப இவ்வளவு நாள் செஞ்சதெல்லாம் வீணா?"

"செய்யாம இருந்திருந்தா இதுக்கு முன்னாடியே வந்திருக்கலாம், இதைவிடப் பெரிசா வந்திருக்கலாம். உங்க விஷயத்துல அப்படித்தான் நடந்திருக்கும்னு அடிச்சுச் சொல்ல என்னால முடியாது. ஒண்ணு மட்டும் சொல்வேன். நேரத்தோட கொண்டு வந்தாங்க பாருங்க, அதுதான் உங்க காலையும் பேச்சையும் காப்பாத்துச்சு."

"இனிமே?"

"கொஞ்சம் இருக்கும்," என்றார் டாக்டரம்மா.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். போன தடவை அந்த வார்த்தையைக் கேட்டபோது சண்டை போடத் தோன்றியது. இப்போது களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். டாக்டரம்மா போன பிறகு, மனைவி பக்கம் திரும்பினார்.

"எப்படிடி கண்டுபிடிச்சே? நானே நம்பல."

"திட்டல நீங்க," என்றார் மாஸ்டரம்மா. "இன்டிகேட்டர் போடாம திரும்பினேன். அதுக்கும் திட்டல." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "ஒரு வருஷமா நீங்க கண்ணாடியப் பார்த்தீங்க. நான் உங்களப் பார்த்தேன். காலைல எழுந்ததும் ஏதாவது வம்புக்கு இழுப்பேன், சத்தம் போடுவீங்க. சத்தம் சரியா இருக்குன்னு தெரிஞ்சாத்தான் ஆபீஸுக்குக் கிளம்புவேன்," என்றார்.

மாஸ்டர் தன் வலது கையை மெல்ல நகர்த்தி அவர் கைமேல் வைத்தார். கை இன்னும் முழுதாகச் சொன்னபடி கேட்கவில்லை, கொஞ்சம் தள்ளிப்போய் மணிக்கட்டில் விழுந்தது. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரைகள் தொடர்ந்தன, நடை தொடர்ந்தது. கண்ணாடியைப் பார்ப்பது நிற்கவில்லை, ஆனால் காலையில் ஒரு தடவையோடு முடிந்தது. ஓட்டுநர் தேர்வில் மாஸ்டரம்மா முதல் தடவை தோற்றார். பின்னோக்கி ஓட்டச் சொன்னபோது, அதிகாரியின் நாற்காலியை நோக்கியே நேராகப் போய்விட்டாராம், அவர் எழுந்து ஓட வேண்டியதாயிற்று. "நாற்காலிய யாரு அங்க போடச் சொன்னது?" என்று மாஸ்டர் மனைவி பக்கம் பேசினார். தம்பிக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. இரண்டாவது தடவை அதிகாரி நின்றுகொண்டே தேர்வு வைத்தார். உரிமம் கிடைத்தது.

எல் போர்டைக் கழற்றிய முதல் நாள், மாஸ்டரம்மா தனியாக ஆபீஸுக்கு ஓட்டிப் போவதாகச் சொன்னார்.

"நானும் வர்றேன். பின் சீட்டுல உக்காந்துக்கிறேன். வாயே திறக்க மாட்டேன்."

"நீங்க வாய் திறக்கலைன்னாதான் எனக்குப் பயம். வீட்டுல இருங்க."

கார் தெருமுனையில் திரும்பியது. மாஸ்டர் வாசலில் நின்றார். இந்நேரம் கடைத்தெரு. இந்நேரம் பள்ளிக்கூடம். ரவுண்டானாவில் லாரி நிற்குமே, வலப்பக்கம் பார்ப்பாளா? உள்ளே போனார், வெளியே வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார். போன் செய்தார். எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்த தன்னையே திட்டிக்கொண்டார். தம்பிக்குப் போன் செய்து, "அந்த வண்டி பிரேக் கடைசியா எப்பப் பார்த்தே?" என்று கத்தினார். தன் தலைக்குள் என்ன நடக்கிறது என்ற நினைப்பே அந்த நேரம் முழுக்க அவருக்கு வரவில்லை.

ஒருவழியாகப் போன் அடித்தது.

"வணக்கம், குடிநீர் வாரியம்," என்றார் மாஸ்டரம்மா. "வந்து சேர்ந்துட்டேன்."

மாஸ்டர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "இப்படியா ஒரு மனுஷனை... சரி, சரி. ரவுண்டானாவுல?"

"நல்லாப் போச்சு."

"யாராவது திட்டினாங்களா?"

"ரெண்டு பேர். உங்க அளவுக்கு இல்ல."

"வண்டிய எங்க விட்டே? ரிவர்ஸ் எடுத்துத்தானே விட்டே? அந்தத் தூண் பக்கம் இல்லையே?"

எதிர்முனையில் மாஸ்டரம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"உங்க புகார் பதிவாயிடுச்சுங்க," என்றார் மாஸ்டரம்மா. "அடுத்த லைன்ல கால் வருது, வச்சிடறேன்."